திறன்பேசி யார் கையில் இருக்கிறது?

பள்ளியில் தொழில்நுட்பம் எவ்வளவு பயன்படுகிறது என்று கேட்டு வரும் படிவங்களை நிரப்புவது பல ஆண்டுகள் என் பொறுப்பாக இருந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்கோடியில், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தமிழ்ப்பள்ளிகளில்தான் என் பணிக்காலம் கழிந்தது. தமிழும் அறிவியலும் கற்பித்தேன். கணினி அறையின் சாவியும் என்னிடமே இருந்தது. இப்போது அந்தப் பொறுப்புக்கு வரும் இளம் ஆசிரியர்கள், "இத்தனை படிவங்களால் யாருக்கு என்ன பயன், டீச்சர்?" என்று அலுத்துக்கொள்கிறார்கள். பயன் உண்டு என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன். ஆனால் எந்த எல்லை வரைக்கும் என்பதையும் விளக்க வேண்டியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் இந்த அளவெடுப்பு புதிதல்ல. கற்பித்தலில் கணினித் தொழில்நுட்பத்தைப் புகுத்தும் விவேகப் பள்ளித் திட்டம் 1997இல் அறிவிக்கப்பட்டது. பிறகு எல்லாப் பள்ளிகளையும் அந்த நிலைக்குக் கொண்டுவரும் கட்டம் வந்தபோது, பள்ளிகளுக்கு 1 முதல் 5 நட்சத்திரம் வரை தரம் கொடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். எத்தனை கணினி இருக்கிறது என்பதைவிட, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், ஆசிரியருக்கு எவ்வளவு திறன் இருக்கிறது என்பவற்றுக்கே அதிக மதிப்பு வைத்திருந்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கணினிகளை எண்ணிவிடலாம். ஓர் ஆசிரியர் வாரத்தில் எத்தனை மணி நேரம் அவற்றைக் கற்பித்தலில் பயன்படுத்தினார் என்பதற்குச் சிறிய பள்ளிகளில் பதிவேடு கிடையாது. ஆகவே மிகுந்த மதிப்பு வைக்கப்பட்ட கேள்விகளுக்கே மிகத் தோராயமான பதில்கள் போய்ச் சேர்ந்தன.

எண்ணக்கூடியவற்றை எண்ணுவதிலும் பெரிய நன்மை உண்டு. எங்கள் பள்ளிக் கட்டடம் பழையது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் இருப்பவை. நிலம் அரசுக்குச் சொந்தமில்லாததால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. கட்டடத்தையும் மின்கம்பிகளையும் யார் பழுதுபார்ப்பது என்ற கேள்விக்கு அங்கெல்லாம் எளிதில் விடை கிடைக்காது. கணினி அறையில் எல்லாக் கணினிகளையும் ஒன்றாக முடுக்கினால் மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். படிவத்தில் "கணினிகளின் எண்ணிக்கை" என்ற கட்டம் மட்டுமே இருந்தது. அதைப் பார்ப்பவருக்கு எங்கள் பள்ளியில் ஒரு குறையும் தெரியாது. அதன் பக்கத்தில் நாங்களாகவே ஒரு கட்டம் போட்டோம்: "ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை." இரண்டு எண்களுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வைத்தபோது யாரும் வாதாடவில்லை. சங்கத் தலைவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தோட்ட மேலாளரிடம் போனார். கம்பிகள் மாற்றப்பட்டன. ஓர் அளவீடு இப்படி யாரோ ஒருவரை எழுந்து நடக்க வைத்தால் அதற்குச் செலவிட்ட நேரம் வீணில்லை.

எண் உண்மையாக இருந்தும் அதைப் படிக்கும் விதம் பொய்யாகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் மாலை இடி கடுமையாக இருக்கும். ஒருமுறை மின்னல் வெட்டி ரவுட்டர் கருகிவிட்டது. மாற்று வந்து சேரும்வரை பள்ளியில் இணையம் இல்லை. அந்தக் காலத்துப் பயன்பாட்டு வரைபடத்தில் எங்கள் பள்ளியின் கோடு தரைக்கு இறங்கியது. மேலிருந்து வந்த கேள்வி, ஆசிரியர்களுக்கு ஏன் ஊக்கம் குறைந்துவிட்டது என்பதுதான். வரைபடத்தில் மின்னலுக்கு இடமில்லை. அன்று முதல், இணையம் துண்டிக்கப்பட்ட நாளையும் திரும்பி வந்த நாளையும் கணினி அறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் குறித்துவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். புதிதாக இந்தப் பொறுப்பை ஏற்பவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். செலவு ஒன்றுமில்லை, பின்னால் பெரிய துணையாக நிற்கும்.

மனத்தை மிகவும் வருத்தியது, கற்றல் தளத்துக்குள் எத்தனை முறை நுழைந்தார்கள் என்று எண்ணும் உள்நுழைவுக் கணக்கு. 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் வழியாக நாட்டின் ஏறத்தாழ பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும் ஒரு மெய்நிகர் கற்றல் தளமும் வந்தன. அந்தத் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று 2013ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்காய்வாளர் அறிக்கை எடுத்துச் சொன்னது. பொதுப்பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது கணக்காய்வாளரின் கடமை. அந்த அறிக்கை இல்லாவிட்டால் நாட்டு மக்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது. தேசிய அளவில் "இது பயன்படவே இல்லை" என்று கண்டுபிடிக்க உள்நுழைவுக் கணக்கு நல்ல கருவி.

அதே கணக்கு பள்ளிகளை வரிசைப்படுத்தும் பட்டியலாக மாறியபோது வேறொன்றாகிவிட்டது. பயன்பாட்டில் முன்னிற்கும் பள்ளிகள், பின்தங்கிய பள்ளிகள் என்று பட்டியல்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றின. மாணவர்களின் கடவுச்சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக உள்ளே போய் வெளியே வந்த கதைகளைச் சக ஆசிரியர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எண் உயர்ந்தது, பட்டியலில் இடமும் உயர்ந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கத்தையே பார்க்கவில்லை. அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது பிள்ளைகளுக்கு ஓடுகிற கணினி நான்கு என்ற நிலையில் தலைமையாசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தினால், அவருக்குக் கீழே இருப்பவர்கள் அவரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். எதை அளந்தால் தண்டனை வருமோ, அங்கே உண்மையான எண் வராது.

இதில் என்னால் சகித்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. "இன்று உள்நுழையாத மாணவர்கள்" என்று பெயர்ப் பட்டியலைப் பெற்றோர் குழுவில் போடும் வழக்கம் சில பள்ளிகளில் வந்தது. எப்போதும் அதே சில பெயர்கள்தான் அதில் இருக்கும். அந்தக் குடும்பங்களின் நிலை ஊருக்கே தெரியும். தோட்டத்தில் ஒரு பெயர் அப்படிப் போனால் மாலைக்குள் எல்லா லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பேச்சாகிவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தப் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டியது. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்ததில்தான் நாங்கள் அதிகம் கற்றோம். கோவிட் தொற்றால் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சு அந்த ஆண்டு நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 9 லட்சம் மாணவர்களைப் பற்றிப் பெற்றோர் பதில் தந்தார்கள். அவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரியவந்தது. எல்லாரும் இயங்கலையில் படித்துவிடுவார்கள் என்ற நினைப்புக்கு அந்த ஓர் எண் முற்றுப்புள்ளி வைத்தது. 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி கல்வி அலைவரிசை தொடங்கப்பட்டது. குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் கருவிகள் தரும் செர்டிக் திட்டமும் வந்தது. நாடு முழுவதற்குமான அளவீட்டின் பயனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கணக்கெடுப்பு எங்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன சொன்னது என்றால், பெரும்பாலோர் வீட்டில் திறன்பேசி இருக்கிறது என்றுதான். அது உண்மை. ஆனால் வகுப்புக்கு வருபவர்கள் மிகச் சிலர். கட்டுப்பாடுகள் தளர்ந்து வீடுகளுக்குப் போக அனுமதி கிடைத்ததும், முகக்கவரியோடு வாசலில் நின்றே பேசினோம். ஒரு வீட்டில் பாட்டி மட்டும் இருந்தார்.

"பாட்டி, வீட்டில் போன் இருக்கிறதா?"

"இருக்கிறது, டீச்சர். நல்ல போன்தான். போன வருடம் வாங்கியது."

"இப்போது எங்கே இருக்கிறது?"

"மகன் கொண்டுபோயிருக்கிறான். லாரியில் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான்."

அப்பாவின் திறன்பேசி லாரியில் போகிறது. அம்மாவிடம் ஒன்று இருந்தால் அது உதிரிப் பழம் பொறுக்கும் இடத்துக்கோ தொழிற்சாலைப் பஸ்ஸிலோ போய்விடுகிறது. காலை எட்டு மணிக்கு நாங்கள் வகுப்பு வைத்தபோது வீட்டில் இருந்தது பாட்டியும் பிள்ளைகளும்தான். அன்று முதல் கேள்விகளை மாற்றினோம். கருவி இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு அது யார் கையில் இருக்கும், எத்தனை மணிக்கு வீடு திரும்பும், எத்தனை பிள்ளைகள் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், வீட்டின் எந்தப் பக்கம் நின்றால் சிக்னல் கிடைக்கும், சம்பளத்துக்கு முந்திய வாரத்திலும் டேட்டா இருக்குமா என்று கேட்டோம். கடைசிக் கேள்வியை எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒரு தாய். மாதத் தொடக்கத்தில் கணக்கெடுத்தால் எல்லார் வீட்டிலும் இணையம் இருக்கும். மாதக் கடைசியில் வந்து பாருங்கள் என்றார். அதே வீடுகள், அதே திறன்பேசிகள். எந்த வாரத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

பதில்களை ஒரு தாளில் கோடு போட்டு எழுதியதும் செய்ய வேண்டியவை தாமாகத் தெரிந்தன. காலை வகுப்பை இரவு எட்டு மணிக்கு மாற்றினோம். காணொளிக் கலந்துரையாடல் டேட்டாவை விழுங்கியதால், பாடத்தைச் சின்னச் சின்னக் குரல் பதிவுகளாகப் பிரித்துப் புலனத்தில் அனுப்பினோம். தந்தை வீடு திரும்பியதும் பிள்ளை கேட்கலாம். ஒரே வீட்டில் மூன்று பேர் படித்தால் மூவருக்கும் ஒரே இரவில் வேலை தராமல் நாள் பிரித்துக்கொண்டோம். எதுவுமே எட்டாத வீடுகளுக்கு அச்சடித்த பயிற்சித்தாள்களைத் தோட்டத்து மளிகைக் கடையில் வைத்தோம். கடைக்காரர் ஒரு பைசா வாங்காமல் பெயர் பார்த்துக் கொடுத்தார். அவரை நன்றியோடு நினைக்கிறேன். எந்தப் படிவத்திலும் அவருக்கு இடமில்லை.

இனி, எந்த அளவுகோலிலும் விழாத ஒன்றைச் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிகப் பயனுள்ள தொழில்நுட்பப் பயன்பாடு அதுதான்.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் வாய்விட்டு வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். லகர, ளகர, ழகரம் குழம்பும்; வரியை முடிக்காமல் மூச்சு வாங்குவார்கள். திருத்தினால் கண் கலங்கும். ஒரு பழைய திறன்பேசியில், சிம் அட்டைகூட இல்லாதது, குரல் பதியும் செயலி இருந்தது. பிள்ளையை நூலக மூலையில் உட்காரவைத்து ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்யச் சொன்னோம். பிறகு காதுக்கருவி மாட்டி, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தன் குரலைத் தானே கேட்க வேண்டும். எங்கே இடறியதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. மறுபடி பதிவு. ஆசிரியர் பக்கத்தில் இல்லை, திருத்தவில்லை. தன் பிழையைத் தானே கேட்டுத் திருத்திக்கொண்ட பிள்ளையின் முகத்தில் வருகிற தெளிவை நான் வேறெந்த மென்பொருளிலும் பார்த்ததில்லை. முதல் பதிவையும் சில வாரங்கள் கழித்து எடுத்த பதிவையும் தாய்க்குப் போட்டுக் காட்டினால் மதிப்பெண் பட்டியல் தேவைப்படவில்லை.

இதற்கு இணையம் வேண்டாம். உள்நுழைவு இல்லை. அரசின் தளத்தில் ஒரு தடமும் பதியாது. அந்தப் பருவத்தின் அறிக்கையில் இது சுழியம். அதே பருவத்தில், கரும்பலகையில் எழுதியிருக்கக்கூடிய குறிப்புகளை ஒளிவீழ்த்தியில் காட்டி, பிள்ளைகள் அவற்றைப் பார்த்து எழுதிய பாடங்கள் முழு மதிப்புப் பெற்றன. அளவுகோல் தனக்குக் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அளக்கும். அதை மட்டுமே நம்பி நடந்தால் நல்ல ஆசிரியர்கூட மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் செய்யத் தொடங்கிவிடுவார். இந்த அச்சம் எனக்கு இன்றும் இருக்கிறது.

அதனால்தான் வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்கும் முறைக்கு வந்தோம். மேலிருந்து வரும் கண்காணிப்பைப் பற்றி நான் பேசவில்லை. ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒருவர் வகுப்புக்கு மற்றவர் போய் உட்காருவது. பார்ப்பவர் ஆசிரியரைக் கவனிக்கக் கூடாது. மூன்று பிள்ளைகளைத் தேர்ந்துகொண்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். "திரையைப் பார்க்கிறான்", "பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கிறாள்", "காத்திருக்கிறான்." நல்லது, கெட்டது என்ற சொற்கள் வேண்டாம். தாளில் ஆசிரியரின் பெயர் இருக்கக் கூடாது, தாள் பள்ளியை விட்டு வெளியே போகவும் கூடாது. இந்த இரண்டு உறுதிமொழிகளையும் தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் கொடுத்த பிறகே மூத்த ஆசிரியர்கள் கதவைத் திறந்தார்கள்.

"காத்திருக்கிறான்" என்ற சொல்தான் தாள்கள் முழுவதும் நிறைந்திருந்தது. கணினி இயங்கத் தொடங்கக் காத்திருப்பு, கடவுச்சொல் மறந்து காத்திருப்பு, தன் முறைக்காகக் காத்திருப்பு. அதைப் பார்த்த பிறகு கணினிப் பாடத்துக்கு முந்திய இடைவேளையிலேயே ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் கணினிகளை முடுக்கிவைக்கும் ஏற்பாடு செய்தோம். கடவுச்சொல் மறக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அட்டையில் எழுதி ஆசிரியரிடம் வைத்தோம். பாட நேரம் உண்மையிலேயே மிஞ்சியது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் தெரிந்தது. 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறோம். எண்ணிக்கை மிகவும் குறைந்தால் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கும் மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பார்கள். அப்படிப்பட்ட இணைந்த வகுப்பில், ஒரு குழு கைக்கணினியில் கணிதப் பயிற்சி செய்யும்போது ஆசிரியர் மற்றக் குழுவோடு இடையூறில்லாமல் உட்கார முடிந்தது. அங்கே கைக்கணினியின் மதிப்பு அதைத் தொட்ட பிள்ளைகளிடம் மட்டும் இல்லை. அதைத் தொடாத பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆசிரியரின் நேரத்திலும் இருந்தது.

சுயமதிப்பீட்டுப் படிவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "உங்கள் மின்னியல் திறன் எந்த நிலை?" என்று கேட்டால் துணிச்சல்காரர்கள் உயர்த்தியும் அடக்கமானவர்கள் தாழ்த்தியும் எழுதுவார்கள். பயிற்சிக்குப் போய்வந்த பிறகு சிலர் தங்களை முன்பைவிடக் குறைவாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். தெரியாதது எவ்வளவு என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பயிற்சியின் தோல்வி என்று எழுதுவது அநியாயம். "அடுத்து எதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள்?" என்ற ஒரே கேள்வி அந்த முழுப் படிவத்தைவிட எங்களுக்கு உதவியது.

விழுக்காடுகளிடமும் கவனம் தேவை. ஒரு வகுப்பில் ஆறே பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளையே ஏறத்தாழ 17 விழுக்காடு. ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ குடிபெயர்ந்தால் பள்ளியின் பயன்பாடு "சரிந்தது" அல்லது "உயர்ந்தது" என்று அறிக்கை சொல்லும். சிறிய பள்ளிகளில் விழுக்காட்டை எழுதாமல் எத்தனை பிள்ளைகள் என்பதை எழுதுங்கள். முடிந்தால், பள்ளிக்குள் வைத்துக்கொள்ளும் தாளில் பெயர்களையே எழுதுங்கள்.

தொழில்நுட்பத்தால் கல்வி உயர்ந்ததா என்ற பெரிய கேள்விக்கு ஒரு தனிப் பள்ளியின் அளவீடு விடை தராது. பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் அதைத்தான் அடிக்கடி கேட்டார்கள். அதே ஆண்டில் நல்ல ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போயிருப்பார், மாலை வகுப்பு தொடங்கியிருக்கும், வெள்ளம் வந்திருக்கும். எதனால் எது நடந்தது என்று பிரிக்க முடியாது. பல நாட்டு 15 வயது மாணவர்கள் எழுதும் பீசா தேர்வின் 2012 தரவுகளை வைத்து, அதை நடத்தும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2015இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிகளில் கணினிக்குப் பெருமளவு செலவிட்ட நாடுகளில்கூட வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை என்றது. நாடுகளையே ஒப்பிட்டுப் பார்த்தும் தெளிவான நன்மை தெரியாத ஒன்றை, ஆறு பிள்ளைகளின் மதிப்பெண்ணில் தேடுவது பொருளற்றது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. இப்போது வகுப்புசார் மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவு நிலையை ஆசிரியரே தருகிறார். தொழில்நுட்பத்தை ஆர்வத்தோடு பயன்படுத்தும் ஆசிரியரே நிலையையும் தருகிறார் என்றால், அந்த நிலையை வைத்து அவருடைய தொழில்நுட்பத்தை மதிப்பிடுவது தன் கையெழுத்தைத் தானே சரிபார்ப்பது போலாகும். பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஏமாற்றமடைவார்கள், ஆனால் நம்புவார்கள். "அப்படியானால் எதைத்தான் சொல்ல முடியும், டீச்சர்?" என்று கேட்டவர்களிடம், உங்கள் பிள்ளை பாடத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தது, எவ்வளவு நேரம் செய்தது என்று சொல்ல முடியும், எந்த வீட்டுக்குப் பாடம் போய்ச் சேரவில்லை என்று சொல்ல முடியும் என்பேன்.

2023இல் கல்வி அமைச்சு மின்னியல் கல்விக் கொள்கையை வெளியிட்டது. புதிய படிவங்கள் வரும், வரவும் வேண்டும். அவற்றை நிரப்பப்போகும் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலான படிவங்களின் கடைசியில் "குறிப்பு" என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். நேரமில்லாமல் எல்லாரும் அதில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அதை வெறுமையாக விடாதீர்கள். இணையம் இல்லாத தேதிகள், ஒரே நேரத்தில் ஓடும் கணினிகள், காலையில் கருவி இல்லாத வீடுகளின் எண்ணிக்கை என்று சரிபார்க்கக்கூடிய இரண்டு மூன்று செய்திகளை முழு வாக்கியங்களில் எழுதுங்கள். ஒரு படி எடுத்துக் கோப்பில் வையுங்கள். நாங்கள் அப்படி எழுதிய குறிப்பு ஒன்றைப் படித்த அதிகாரி ஒருவர் பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்து, நாட்காட்டியில் குறித்த தேதிகளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். மின்னல் தடுப்பானோடு புதிய ரவுட்டர் வந்தது.